ஏட்டுச் சுரைக்காயும் கோல்ஃப் மட்டையும்

கடந்த ஆண்டு கோடையில் ரொறன்ரோவில் உறவினர் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். என் மைத்துனருக்குச் சனிக்கிழமை காலைகளில் கோல்ஃப் பயிற்சித் திடலுக்குப் போகும் பழக்கம் உண்டு. "சும்மா வாங்கோ அத்தான், ஒரு வாளி பந்து அடிச்சுப் பாருங்கோ" என்று அழைத்தார். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகத்தில் கழித்தவனுக்கு, தெரியாத விடயமொன்றை எதிர்கொள்ள ஒரே வழிதான் தெரியும்: அதைப் பற்றிப் படிப்பது. மைத்துனரின் அலுமாரியில் பென் ஹோகன் 1957 இல் எழுதிய புகழ்பெற்ற ஐந்து பாடங்கள் நூல் இருந்தது. இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். குறிப்பும் எடுத்தேன்.

சனிக்கிழமை முதல் வீச்சில் மட்டை பந்தின் மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவதில் பந்துக்கு அரை அடி முன்னால் தரையைக் கொத்தினேன். மூன்றாவதில் பந்து நகர்ந்தது. நான் நினைத்த திசையில் அல்ல, பக்கத்தில் நின்றவரின் காலடிக்கு. வாளியில் பந்துகள் பாதியாகக் குறைந்தபோது என் முதுகின் கீழ்ப்பகுதி பிடித்துக்கொண்டது. நூலின் எந்தப் பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்று அப்போதும் என்னால் சொல்ல முடிந்தது. பந்தை அடிக்கத்தான் முடியவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழியை எத்தனையோ தலையங்கங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்பது ஐம்பது வயது கடந்த பின்புதான் விளங்கியது.

இந்தப் பத்தி கோல்ஃப் ஆட்டத்தின் பின்வீச்சு பற்றியது. மட்டையைப் பந்திலிருந்து பின்னோக்கிக் கொண்டுசென்று தோளுக்கு மேலே உயர்த்தும் அசைவை ஆங்கிலத்தில் பேக்ஸ்விங் என்பர். அதையே இங்கே பின்வீச்சு என்கிறேன். காரைநகர்க்காரன் ஒருவனுக்குக் கோல்ஃப் எதற்கு என்று கேட்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விடயம் கடைசியில் ஊருக்குத்தான் வந்து சேரும்.

முதலில், பின்வீச்சு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பார்ப்போம். கோல்ஃப் பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. இந்தச் சிறிய பொருளை மட்டை தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு செக்கனின் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தேர்ந்த ஆட்டக்காரரின் மட்டை உச்சியிலிருந்து பந்துக்கு இறங்கி வர ஏறக்குறைய கால் செக்கன் பிடிக்கும். கண்ணால் கண்ட ஒன்றுக்கு மனித உடல் எதிர்வினை காட்டுவதற்கே ஏறத்தாழ அவ்வளவு நேரம் தேவை. ஆகவே மட்டை இறங்கத் தொடங்கிய பின் எதையும் திருத்த முடியாது. 'கை வளைந்துவிட்டது, நிமிர்த்துவோம்' என்று நினைத்து முடிப்பதற்குள் பந்து போய்விடும். திருத்தக்கூடிய காலம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தின் பெயர்தான் பின்வீச்சு.

தொடக்கக்காரர்கள் இதை நேர்மாறாக விளங்கிக்கொள்கிறார்கள். பந்தை அடிப்பதுதான் ஆட்டம், பின்னே கொண்டுபோவது அதற்கான ஒரு சடங்கு என்று எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். கைகளால் மட்டையை விசுக்கென்று மேலே தூக்கினேன். உடல் கல்லுப்போல நின்றது. பின்னர் முழுப் பலத்தையும் தோளிலும் கையிலும் திரட்டி வெட்டினேன். விறகு கொத்துபவன்கூட இவ்வளவு மோசமாகக் கொத்த மாட்டான்.

சரியான பின்வீச்சில் என்ன நடக்கிறது? வலக்கைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் ஓரடித் தூரம் மட்டை, கைகள், தோள்கள் மூன்றும் ஒன்றாகவே பந்தை விட்டு விலகுகின்றன. மணிக்கட்டு தனித்து எதையும் பிடுங்குவதில்லை. மட்டை இடுப்பு உயரத்துக்கு வரும்போது அதன் தண்டு தரைக்கு இணையாகவும் பந்து போகவேண்டிய திசைக்கு இணையாகவும் இருக்கும. அதன் பின் மணிக்கட்டு மெல்ல மடிகிறது. இடக்கை தரைக்கு இணையாக வரும் நேரத்தில் கைக்கும் தண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு செங்கோணம் உண்டாகிவிடும். உச்சியில் தோள்கள் கிட்டத்தட்ட 90 பாகையும் இடுப்பு அதில் பாதியும் திரும்பியிருக்கும். முதுகு இலக்கைப் பார்க்கும். உடலின் பாரம் வலப்பாதத்தின் உட்பக்கத்தில் ஏறியிருக்கும், வெளிவிளிம்புக்குப் போய்விடாது. வலமுழங்கால் நிமிர்ந்துவிடாமல் சற்று மடிந்தபடியே தாங்கும். தலை பெரிதாக அசையாது.

இவ்வளவுதான். வாசிக்கும்போது இலகுவாகத் தெரிகிறது. செய்யும்போது நான்கு பிழைகள் வரிசையில் நிற்கின்றன. திரும்புவதற்குப் பதிலாக உடலைப் பக்கவாட்டில் சரிப்பது முதலாவது. தோளைத் திருப்பாமல் கைகளை மட்டும் உயர்த்துவது இரண்டாவது. மட்டையை முதுகுக்குப் பின்னால் தொங்கும்வரை கொண்டுபோய் இடமுழங்கையை மடித்துவிடுவது மூன்றாவது. பின்னே போகும்போதே பாரத்தை இடக்காலில் வைத்துக்கொண்டு முன்னே வரும்போது வலக்காலில் விழுவது நான்காவது. கைகளால் மட்டும் தூக்கியவர் கைகளாலேயே இறக்குவார். அப்போது மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டும். பந்து வலப்புறமாக வளைந்து ஓடும். உலகெங்கும் தொடக்கக்காரர்களை அழவைக்கும் அந்த வளைவின் வேர் பெரும்பாலும் பின்வீச்சில்தான் இருக்கிறது. முதுகுவலியும் அப்படித்தான். கோல்ஃப் ஆடுவோரிடம் மிக அதிகமாகக் காணப்படும் முறைப்பாடுகளில் கீழ்முதுகு வலி முதன்மையானது. இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்பாத உடலில் கையின் வேகம் முழுவதும் முதுகெலும்பில் போய் இறங்குகிறது.

அன்று என் நிலையைப் பார்த்து அத்திடலில் பயிற்சியளிக்கும் முதியவர் ஒருவர் அருகில் வந்தார். நான் படித்ததையெல்லாம் அவரிடம் ஒப்புவித்தேன். ஹோகன் வரைந்து காட்டும் அந்தக் கண்ணாடித் தகட்டைப் பற்றியும் சொன்னேன்: பந்திலிருந்து எழுந்து ஆட்டக்காரரின் தோள்களில் சாய்ந்து நிற்கும் தகடு அது, தலை மட்டும் ஒரு துளையின் வழியே வெளியே தெரியும், பின்வீச்சில் கைகள் அந்தத் தகட்டை உடைத்துவிடக் கூடாது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையிலிருந்த மட்டையை வாங்கி ஓரமாக வைத்தார். பந்து வாளியில் மிச்சமிருந்தவற்றைத் தரையில் கொட்டிவிட்டு வெறும் வாளியை என் இரு கைகளிலும் கொடுத்தார். இதில் தண்ணீர் நிறைந்திருப்பதாக நினைத்துக்கொள், அதை அந்தப் பக்கம் தூரத்தில் நிற்கும் மரத்துக்கு ஊற்று என்றார்.

நான் வாளியைப் பின்னே கொண்டுபோனேன். யாரும் சொல்லாமலே என் தோள் திரும்பியது. இடுப்பு அதைத் தொடர்ந்தது. பாரம் வலக்காலுக்குப் போனது. தண்ணீர் சிந்திவிடும் என்ற எண்ணத்தில் வேகம் தானாகக் குறைந்தது. ஊற்றப் போகும் கணத்தில் கால் முதலில் அசைந்தது; கை கடைசியில் வந்தது. இரண்டு இரவுகள் படித்து வராதது ஒரு வெறும் வாளியால் வந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது கோல்ஃப் அல்ல. காரைநகர்க் கரையில் முழங்காலளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நின்ற ஒரு மனிதர்.

பொன்னாலைப் பாலத்தால் ஊருக்குள் போய்வந்தவர்கள் இருபுறமும் விரிந்து கிடக்கும் அந்த ஆழமற்ற கடலை அறிவார்கள். காலை வேளைகளில் அங்கே தனித்தனியாக ஆட்கள் நிற்பார்கள். வலையின் ஒரு பகுதி இடமுழங்கையில் தொங்கும். ஒரு மடிப்புத் தோளில் கிடக்கும். மிகுதி வலக்கையில். நீரின் மேல் சிறு சுழிப்பைக் கண்டதும் அவர் உடல் மெதுவாக மறுபக்கம் திரும்பும். மிக மெதுவாக. ஈயக்குண்டுகள் ஒன்றோடொன்று உரசும் ஓசைகூடக் கேட்காது. ஒரு கணம் எல்லாம் நிற்கும். பிறகு காலிலிருந்து தொடங்கி இடுப்பு, தோள், கை என்று வரிசையாக அவிழும். வலை வானத்தில் வட்டமாக விரிந்து, வட்டமாகவே நீரில் விழும். திரளியும் மணலையும் உள்ளே அகப்படும்.

சிறுவயதில் இதை நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். ஒருநாள் வலையைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். அன்று வீட்டில் விழுந்த அடியும் பேச்சும் இன்றும் நினைவிருக்கிறது. "படிக்கிற பிள்ளைக்குக் கடற்கரையில் என்ன வேலை? படிக்காட்டில் உதுதான் கதி." எங்கள் தலைமுறையில் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் குறைவு. கடல் என்றால் வலை. தோட்டம் என்றால் மண்வெட்டி. பனை என்றால் தளைநார். அவற்றையெல்லாம் தோற்றவர்களின் அடையாளமாகவே எங்களுக்குக் காட்டினார்கள். அதற்குள் சாதியும் இருந்தது என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. நான் படித்தேன். கலைப்பட்டதாரி ஆனேன். உடலால் ஒன்றை அறிவது எப்படி என்பதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

என் கருத்து இதுதான். கோல்ஃப் பின்வீச்சு என்பது உடல்வழி அறிவு. அது எழுத்தில் இல்லை. எழுத்து அதற்குப் பெயர் வைக்கலாம், அளந்து சொல்லலாம், பிழையைச் சுட்டிக் காட்டலாம். அதைத் தர முடியாது. உடல்வழி அறிவைத் தாழ்வாக எண்ணப் பழகிய எங்களைப் போன்றவர்கள் இந்த ஆட்டத்தில் திணறுவதற்குக் காரணம் வயது மட்டுமல்ல. செய்து கற்பதையும், பார்த்துக் கற்பதையும், செய்பவரிடம் கேட்டுக் கற்பதையும் நாங்கள் கல்வி என்று ஏற்றுக்கொண்டதே இல்லை.

இதை வெறும் உணர்ச்சியாகச் சொல்லவில்லை. 1999 இல் கேப்ரியேலா வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் கோல்ஃப் ஆடிப் பழக்கமில்லாதவர்களை இரு குழுக்களாகப் பிரித்துச் சிறுதூர அடியைக் கற்பித்தார்கள். ஒரு குழுவிடம் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றக் குழுவிடம் மட்டையின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்களே கூடுதல் துல்லியமாக அடித்தார்கள். பின்னர் சோதித்தபோதும் அந்த முன்னிலை நிலைத்தது. தன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி இயக்க முயல்பவனின் உடல் இறுகிப் போகிறது. கையிலுள்ள பொருளையும் அது போகவேண்டிய இடத்தையும் நினைப்பவனின் உடல் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது. முதியவர் எனக்கு வாளியைக் கொடுத்ததன் பொருள் அதுதான்.

வேகம் பற்றிய சங்கதியும் அப்படியே. ஜோன் நோவோசெல் என்பவர் தொழில்முறை வீரர்களின் ஒளிப்பதிவுகளைப் படம் படமாக எண்ணிப் பார்த்து 2004 இல் ஒரு நூல் எழுதினார். பின்வீச்சுக்கு எடுக்கும் நேரம், இறங்கும் நேரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது அவர் கண்டது. ஆளுக்காள் வேகம் மாறினாலும் அந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. வீச்சுவலைக்காரரிடம் மணிக்கூட்டை வைத்து அளந்தவர் எவருமில்லை. ஆனால் மெதுவாகத் திரும்பி விரைவாக அவிழ வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அப்படியானால் சரியான பின்வீச்சு என்று ஒரே ஒரு வடிவம் இருக்கிறதா? இல்லை என்பதற்கு உலக அரங்கிலேயே சான்றுகள் உண்டு. ஜிம் பியூரிக்கின் மட்டை மேலே ஒரு வழியால் போய், உச்சியில் வளையமிட்டு, வேறொரு வழியால் இறங்கும். பாடநூலில் பிழையென்று காட்டத் தக்க வீச்சு அது. அவர் 2003 இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். 2016 இல் பிஜிஏ சுற்றுப் போட்டியொன்றில் ஒரே சுற்றை 58 அடிகளில் முடித்தார். ஸ்பெயின் நாட்டின் ஜோன் ராம் மட்டையை மிகக் குறைந்த தூரமே பின்னே கொண்டுபோவார். பிறக்கும்போதே அவரது வலப்பாதம் வளைந்திருந்தது. அந்தக் கணுக்காலின் அசைவு இன்றும் குறைவு. வலக்கால் சற்றுக் குட்டையானது. தன் வீச்சு குறுகியிருப்பதற்கு அதுவே காரணம் என்று அவரே 2021 இல் விளக்கினார். அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பனையும் 2023 இல் மாஸ்டர்ஸையும் அவர் வென்றார். யப்பானின் ஹிடெக்கி மட்சுயாமா உச்சியில் ஒரு கணம் நின்றுவிட்டே இறங்குவதால் அறியப்பட்டவர். 2021 மாஸ்டர்ஸ் அவருடையது.

இவர்கள் மூவரின் உச்சிநிலைப் படங்களை அருகருகே வைத்தால் மூன்று வேறு ஆட்டங்கள் போலத் தோன்றும். ஆனால் தோள் திரும்புவதும், கால் தாங்குவதும், அவசரம் இல்லாததும் மூவருக்கும் பொது. வடிவம் உடலுக்கு உடல் மாறும். ஒழுங்கு மாறாது. இதை அறியாத தொடக்கக்காரர் யூடியூப்பில் ஒரு வீரரின் உச்சிநிலையை நிறுத்திவைத்து, கண்ணாடி முன் நின்று அந்தத் தோற்றத்தைத் தன் உடலில் ஒட்டப் பார்க்கிறார். இருபத்தைந்து வயது வீரனின் முதுகுத் திருப்பத்தை ஐம்பத்தைந்து வயதில் படமெடுத்து ஒட்ட முடியாது. முதுகுதான் ஒட்டாமல் போகும்.

இனி, இந்த அறிவு யாரிடம் இருந்தது என்று பாருங்கள். பிரித்தானியர் கோல்ஃபை எங்கள் நாடுகளுக்குக் கொண்டுவந்து நெடுங்காலம் ஆகிறது. கல்கத்தாவில் 1829 இல் கழகம் அமைந்தது. கொழும்பில் 1879 இல் காலிமுகத் திடலில் தொடங்கிய கழகமே பின்னர் பொரளைக்கு இடம்மாறி இன்று றோயல் கொழும்புக் கோல்ஃப் கழகமாக நிற்கிறது. நுவரெலியாக் கழகம் 1889 இலிருந்து இருக்கிறது. துரைமார் ஆடினார்கள். பையைச் சுமந்து பின்னால் நடந்தவர்கள் சுற்றுவட்டாரத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான வீச்சுகளை அவர்கள் கண்ணால் கண்டார்கள். நல்லதையும் கெட்டதையும் கண்டார்கள். ஆளில்லாத வேளையில் கிடைத்த மட்டையால் அடித்துப் பார்த்தார்கள்.

விளைவு என்ன? டில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991 இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவரே. 1993 இல் மீண்டும் வென்றார். பெங்களூரில் அதே வேலையில் தொடங்கிய சி. முனியப்பா 2009 இல் அதே பட்டத்தைச் சமநிலை முறிப்பு ஆட்டத்தில் பெற்றார். நான் படித்த நூலை எழுதிய ஹோகன்கூடச் சிறுவயதில் டெக்சஸில் பை சுமந்தவர்தான். 1949 இல் பேருந்து மோதி நடப்பதே ஐயம் என்றிருந்த உடலோடு 1950 இல் அமெரிக்க ஓப்பனை வென்றவர். அவரது நூல் அந்த வாழ்க்கையின் முடிவில் எழுதப்பட்ட குறிப்பு. நான் குறிப்பை முதலில் படித்துவிட்டு வாழ்க்கையைத் தவறவிடப் பார்த்தேன். எங்கள் நாட்டிலிருந்தும் ந. தங்கராஜா, க. பிரபாகரன் என்ற தமிழ்ப் பெயர்கள் இந்தியத் தொழில்முறைச் சுற்றுப் போட்டிகளின் பட்டியல்களில் இடம்பெற்று வந்திருக்கின்றன. தமிழ்ப் பத்திரிகைகளில் அவர்களைப் பற்றி எத்தனை பத்திகள் எழுதினோம்? நானும் எழுதவில்லை. கிரிக்கெட்டுக்கு ஒதுக்கிய பக்கத்தில் இடமிருக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. அதை எங்களுடைய ஆட்டமாக நாங்கள் கருதவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கோல்ஃப் பணக்காரர் ஆட்டம்; நிலத்தையும் நீரையும் விழுங்கும் ஆட்டம்; அதைப் போய்த் தமிழில் பேச வேண்டுமா? மறுப்பில் நியாயம் உண்டு. காரைநகரில் கோல்ஃப் திடல் அமைப்போம் என்று எவராவது திட்டம் கொண்டுவந்தால் முதலில் எதிர்த்து எழுதுபவன் நானாகவே இருப்பேன். சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய படையாக நிற்கும் நன்னீரை நம்பி வாழும் ஊர் அது. குடிதண்ணீரே தட்டுப்பாடான மண்ணில் புல்லுக்கு நீர் பாய்ச்சுவது பாவம். கசூரினாக் கடற்கரை இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும்.

ஆனால் பின்வீச்சுக்குத் திடல் தேவையில்லை. பந்தும் தேவையில்லை. ஆட்டத்தில் மிகக் கடினமான பாதியைக் கற்க ஒரு முற்றமும் ஒரு தடியும் போதும். ஏழையும் கற்கலாம் என்பதல்ல நான் சொல்ல வருவது. ஏழைகள்தாம் அதை ஏற்கெனவே கற்றிருக்கிறார்கள். விலை உயர்ந்த மட்டைகளையும் மணித்தியாலக் கட்டணங்களையும் தேடி ஓடும் எங்கள் புலம்பெயர்ந்த நடுத்தர வயதினருக்குத்தான் இது புதிய செய்தி.

அவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் மாதம் பந்தைத் தொடாதீர்கள். உடலைச் சூடாக்கிக்கொண்டு, வெறும் வாளியையோ தடியையோ கையில் பிடித்துத் திரும்பிப் பழகுங்கள். இடுப்பு உயரம் வரை முதலில். அது வசப்பட்ட பின் தோள் உயரம். உச்சிவரை போக அவசரப்படாதீர்கள். முக்கால்வாசிப் பின்வீச்சு ஒழுங்காக இருந்தால் அதுவே வாழ்நாள் முழுவதற்கும் போதும். வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே பின்னே போங்கள். ஒரே எண்ணில் இறங்குங்கள். இடுப்பு திரும்ப மறுத்தால் வலப்பாதத்தைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி வையுங்கள். வயதானவர்கள் இடக்குதிகாலைச் சற்று உயர விட்டாலும் குற்றமில்லை. முதுகு வலித்தால் அன்றைக்குப் போதும். பிழையைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதரை வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி உங்கள் உருவத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. அதன் பின் ஹோகனைப் படியுங்கள். அப்போது ஒவ்வொரு வரியும் உங்கள் உடலுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் பெயராக இருக்கும். நூல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது வரவேண்டிய இடம் இரண்டாவது என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வெட்கம். ஐம்பது வயதில் மட்டையைக் காற்றில் வீசுபவனைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு மிக அதிகம். எங்கள் பள்ளிக்கூடங்களில் பிழை செய்தவனை எழுப்பி நிறுத்திச் சிரிக்க வைத்தே பாடம் நடத்தினார்கள். அப்படி வளர்ந்தவர் எதையும் தொடக்கத்திலிருந்து கற்க அஞ்சுவார். ஆகவே முதல் நாளே பலமாக அடித்துக் காட்டப் பார்க்கிறார். அந்த அவசரம் முழுவதும் பின்வீச்சில் தெரிந்துவிடும்.

கனடாவிலிருந்து திரும்பியபின் மார்கழி விடுமுறையில் ஊருக்குப் போனேன். 1991 இல் ஊரே இடம்பெயர்ந்து போனபோது பல வீடுகளோடு பல தொழில்களும் அழிந்தன. கடலுக்குள் இறங்கவே முடியாத ஆண்டுகள் இருந்தன. திரும்பி வந்தவர்களில் வீச்சுவலை வீசத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களுடைய பிள்ளைகளில் இன்னும் குறைவு. பாலத்தருகே எழுபதைத் தாண்டிய ஒருவரைக் கண்டேன். கூச்சத்தோடு கேட்டேன்: "அண்ணை, ஒருக்கா நான் எறிஞ்சு பாக்கட்டே?" என் வேட்டியையும் மூக்குக் கண்ணாடியையும் ஒரு முறை பார்த்துவிட்டு, வலையை என் முழங்கையில் மடித்துத் தொங்கவிட்டார்.

எறிந்தேன். வலை ஒரு மூட்டையாகப் போய்த் தண்ணீரில் விழுந்தது.

"கையாலை எறியிறியள் தம்பி. கையை விடுங்கோ. இடுப்பைத் திருப்புங்கோ. ஆறுதலாப் பின்னாலை போங்கோ, வலை தன்ரபாட்டிலை விரியும்."

ரொறன்ரோவில் அந்த முதியவர் எனக்குச் சொல்ல முயன்றதும் இதே பாடம்தான். அதற்கு மைத்துனர் டொலரில் கட்டணம் செலுத்தினார். இவருக்கு நான் என்ன கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் வலையைத் திரும்ப மடித்து என் முழங்கையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று காலை ஏழு தடவை எறிந்தேன். ஏழாவதில் வலை பாதி விரிந்தது. மீன் ஒன்றும் படவில்லை. முதுகு வலிக்கவில்லை.